தலையாட்டிக்கு வாய் கிடையாது

கடலோரப் பாதுகாப்பு பற்றி எந்த அதிகாரி பேசினாலும் ஒரு சொற்றொடர் தவறாமல் வந்துவிடுகிறது: மீனவர்கள் தேசத்தின் கண்களும் காதுகளும். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்படை, இந்தியக் கடலோரக் காவல்படை, மாநிலப் போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று எல்லார் வாயிலும் இதுவே. கரையூர்களில் விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள். சந்தேகப் படகைப் பார்த்தால் 1554, இல்லாவிட்டால் 1093 என்று இரண்டு எண்களைச் சொல்லித்தருகிறார்கள். படகுக்கு வண்ணம் அடித்தாயிற்று, ஆளுக்கு ரேகை பதித்த அட்டை கொடுத்தாயிற்று. வருடந்தோறும் 'சாகர் கவச்' ஒத்திகை நடக்கிறது. (பெயர் வைக்கும்போதாவது இந்தக் கரையின் பாஷையில் ஒரு சொல் அகப்படவில்லையா என்று கேட்டால் மொழிவெறி என்பார்கள்.)

கண்ணும் காதும் என்பது பாராட்டு மாதிரித்தான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ணும் காதும் நம்ம கரையில். கை கால் கப்பலில். மூளை டெல்லியில். வாய் எங்கே? இந்த உடம்பில் வாய் வரையப்படவே இல்லை. உளவு அமைப்பைச் சீர்திருத்துவது, பயிற்சியை மேம்படுத்துவது, ஆட்களை வளர்த்தெடுப்பது என்று கடந்த 25 ஆண்டுகளாக இந்த நாட்டில் நடக்கும் சொல்லாடல் முழுவதும் இந்த வாயில்லா உடம்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். பார்ப்பவன் ஒருவன், பார்த்ததற்கு அர்த்தம் சொல்பவன் வேறொருவன். இந்தப் பிரிவினையைத் தொடாமல் எத்தனை படிப்பு வைத்தாலும், எத்தனை முகமை தொடங்கினாலும் பழைய கதைதான்.

கார்கில் போர் முடிந்த கையோடு, 1999 ஜூலை 29 அன்று கே. சுப்ரமணியம் தலைமையில் நால்வர் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பல பகுதிகள் மறைக்கப்பட்டாலும் இந்திய அரசு தன் உளவுத் தோல்வியைத் தானே வாசித்து வெளியே காட்டிய அபூர்வமான பிரதி அது, அந்த அளவில் மதிக்கத்தக்கதே. அதைத் தொடர்ந்து கிரீஷ் சந்திர சக்சேனா தலைமையில் உளவமைப்புகளுக்கான பணிக்குழு, 2001ல் அமைச்சர்கள் குழுவின் பரிந்துரைகள், 2002ல் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை, 2004ல் தொழில்நுட்ப உளவுக்கென்று தனி நிறுவனம். ஒருங்கிணைப்பு இல்லை என்பது நோய். இன்னொரு அமைப்பு என்பது மருந்து.

ஆனால் கார்கிலில் ஊடுருவியவர்களை முதலில் பார்த்தவர் யார்? 1999 மே மாதத் தொடக்கத்தில் காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடி மலையேறிய டாஷி நம்கியால் என்ற கார்க்கோன் கிராமத்து மேய்ப்பர். மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கிய ஆட்களை முதலில் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டவர்கள் பத்வார் பார்க் மீனவக் குடியிருப்புக்காரர்கள். மேய்ப்பரும் மீனவரும் பார்த்தார்கள். சீர்திருத்தம் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், 'ஆகவே இன்னும் நிறையப் பேரைப் பார்க்கச் சொல்லுவோம்' என்பது. இவர்கள் ஏன் பார்த்தவுடனே இது சரியில்லை என்று கண்டுகொண்டார்கள், அந்த அறிவு எப்படி உண்டாகிறது, அதைப் படைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு மட்டும் பாடத்திட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் தோழர்கள் குறுக்கே விழுவார்கள். அரசு ஒழுங்காக வேவு பார்க்க நாம ஏன்யா யோசனை சொல்லணும்? அது மக்குத்தனமாக இருக்கிறவரைக்கும் நமக்கு நல்லதுதானே? நியாயமான கேள்வி. கியூ பிராஞ்ச் வந்து விசாரித்துவிட்டுப் போன வீடுகள் இந்தக் கரையில் கொஞ்சமல்ல. ஆனாலும் மக்கு உளவு யாரைக் கொல்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் அது நடந்திருக்கிறது.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப்படை, அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 11 இரவு, யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கிப் புலிகளின் தலைமையைப் பிடித்துவிடுவது என்று திட்டம். புலிகள் இந்திய ரேடியோவை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள், காத்திருந்தார்கள். இறங்கிய சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் அங்கேயே செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பஞ்சாபிலிருந்து வந்த அந்தப் பையன்களுக்குத் தாங்கள் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே தெரிந்திருக்காது. இதன் மறுபக்கம் பத்து நாளில் வந்தது. அக்டோபர் 21, தீபாவளி. யாழ் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படை நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றது. யார் யாரென்று தெரியாத ராணுவத்துக்கு எல்லாரும் ஒரே முகம்தான். 1990 மார்ச் 24ல் கடைசிப் பிரிவு கப்பலேறுவதற்குள் சுமார் 1,200 இந்தியப் படையினர் இறந்திருந்தார்கள். செத்த தமிழர் தொகையை அந்த மாதிரி ஒழுங்காக எண்ணி வைக்க அரசு எதுவும் முன்வரவில்லை. ஆகவே உளவு மக்காக இருப்பதால் நாம் பிழைக்கிறோம் என்பது வெறும் நினைப்பு.

அந்தப் படைக்குத் தமிழே தெரியாது என்று சொல்வதும் சரியல்ல. மெட்ராஸ் ரெஜிமெண்ட் போயிருந்தது. படையின் உளவுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவரே தமிழர், கர்னல் ஆர். ஹரிஹரன். ஓய்வுக்குப் பின் இலங்கை பற்றி அவர் தொடர்ந்து எழுதியவற்றைப் படித்தால் விஷயம் தெரிந்த மனிதர் என்பது விளங்கும். ஆனால் தலைமையில் ஒருவருக்குத் தெரிந்திருப்பதும், முச்சந்தியில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்க்கு எதிரே நிற்கும் கிழவி சொல்வது விளங்குவதும் ஒன்றல்ல. பாதுகாப்பு அமைச்சகம் 1948 முதல் அந்நிய மொழிகள் பள்ளி ஒன்றை நடத்துகிறது. சிங்களம் அங்கே பாடம். தமிழ் அந்நிய மொழி அல்லவே, அதனால் பாடமும் அல்ல. தேசத்துக்குள் இருப்பதாலேயே ஒரு மொழி தெரிந்த மொழியாகிவிடுகிறது, கற்க வேண்டிய அவசியம் அற்றுப்போகிறது. தேசியம் என்ற கருத்தியலின் விசித்திரமான பக்கவிளைவு இது.

தெரியாத மொழிக்கு மாற்றாக அங்கே கண்டெடுக்கப்பட்ட கருவிதான் தலையாட்டி. ஈழத்தவர் புழக்கத்தில் உள்ள சொல். சனங்களை வரிசையில் நடக்க விடுவார்கள். முகத்தில் சாக்குப்பை கவிழ்த்த ஒருவன் உட்கார்ந்திருப்பான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசையில் ஒருவரைப் பார்த்துத் தலையை ஆட்டினால் அந்த ஆள் தனியே நிறுத்தப்படுவார். இலங்கை ராணுவமும் செய்தது, அமைதிப்படையும் செய்தது. பயிற்சி, மொழி, பகுப்பாய்வு எதுவும் தேவைப்படாத உளவு. தலையாட்டிக்கு வாய் கிடையாது. ஏன் ஆட்டினாய் என்று கேட்க முடியாது. பயத்தில் ஆட்டினானா, பழைய பகையில் ஆட்டினானா, தான் தப்பிக்க ஆட்டினானா என்று பிரித்தறிய வழியில்லை. கண்களும் காதுகளும் என்ற அந்தப் பாராட்டை அதன் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் இந்தச் சாக்குப்பையில்தான் போய் நிற்கும்.

தமிழில் உளவாளிக்கு ஒற்று என்று பெயர். மெய்யெழுத்துக்கும் அதே பெயர்தான். தனக்கென்று ஒலிப்பு இல்லாமல் உயிரோடு சேர்ந்தால் மட்டுமே முழுதாக வாய்விட்டுச் சொல்ல முடிகிற எழுத்து. எம்.ஏ. வகுப்பில் இது வெறும் சொல் ஒற்றுமையாகத்தான் பட்டது. குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடலைப் படிக்கும்போது அப்படி விட முடியவில்லை. வள்ளுவர் அரசனுக்கு ஆலோசனை சொல்கிறவர், நம் தோழர் அல்ல. ஆனாலும் ஒரு ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்கிறார், ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே என்கிறார். கடைசி ஆலோசனையின் அருமை, நல்ல தகவல் கொடுத்தவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஊருக்குத் திரும்பி அந்த மனுசன் எப்படித் தொழிலுக்குப் போவான்?

மொழி கற்று ஆளுவது என்பதற்கு இந்த முத்துக்குளித்துறைக்கு நெடிய சரித்திரம் உண்டு. 1542ல் வந்த பிரான்சிஸ் சேவியர் மொழிபெயர்க்கப்பட்ட ஜெபங்களை மனப்பாடம் பண்ணி ஊர் ஊராக ஒப்பித்தார். பின்னால் வந்த அண்டிரீக் பாதிரியார் அந்த வழி சரிப்படாது என்று கண்டு, துபாஷி இல்லாமல் பேசுகிற அளவு தமிழ் கற்றார், இலக்கணமும் எழுதினார், புன்னைக்காயலில் இருந்துகொண்டு. 1578ல் தம்பிரான் வணக்கம் அச்சானதை நம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அவரே தந்த இன்னொரு நூல் 1580ல் கொச்சியில் அச்சான 'கொம்பெசியொனாயரு'. அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பாவசங்கீர்த்தனக் கையேடு அது. பாவம் ஒப்புக்கொள்ள வந்தவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தமிழில். தமிழ் அச்சின் தொடக்கக் கட்டத்திலேயே விசாரணைக் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது! பூக்கோ இங்கே பிறந்திருந்தால் பாலியல் வரலாற்றைப் புன்னைக்காயலிலிருந்து தொடங்கியிருப்பார். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாதிரியார் கேட்பதற்காக மொழியைக் கற்றார். பதில் நீளமாக வரும், எதிர்பாராமல் வரும், புரிந்துகொள்ள வேண்டும் என்று அறிந்திருந்தார். சாக்குப்பைக்காரர்களுக்கு அந்த அக்கறைகூட இல்லை.

அடுத்த கட்டம் 1908. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல், கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் பேசிய பேச்சுகள். கூட்டத்தில் இருந்து போலீஸ்காரர்கள் எடுத்த குறிப்புகளே ராஜதுரோக வழக்கில் சாட்சியம். பின்ஹே துரை வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், மொத்தம் 40 ஆண்டு விதித்தார். அந்தப் பேச்சுகளில் பலவற்றை நாம் இன்று அறிவதே போலீஸ் எழுதியதன் வழியாகத்தான். காலனி அரசு எதிரியின் தமிழைக் கவனமாகக் கேட்டது, எழுதியது, பெயர்த்தது. அவ்வளவும் கேட்டுவிட்டு என்ன புரிந்துகொண்டது? தண்டனை கொடுத்தால் அடங்கும் என்று. 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டார். காது இருந்தது. கேட்டதால் அதன் எண்ணம் எதுவும் மாறவில்லை.

இந்தக் கரைக்கு என்ன தெரியும் என்று வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்துபோனது. சங்கு குளிக்கிறவர்கள் அதன் பிறகும் இருந்தார்கள். கடலடியில் எங்கெங்கே பார் இருக்கிறது, தொளாயிரம் பாருக்கு எப்படிப் போவது, எந்தக் காற்றுக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் எழுதப்படாத சாஸ்திரம். கரையில் மாதா கோயில் உச்சியையும் தூரத்து மலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுக்கடலில் இடம் குறிப்பார்கள். ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவலில் இந்த அறிவின் ஒரு பகுதி பதிவாகியிருக்கிறது. நாவலாக அதன் தளர்வுகள் பற்றி எனக்குப் புகார்கள் உண்டு, அது வேறு கட்டுரைக்கு. பிரிட்டிஷ் காலத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற மீன்வள அதிகாரிகள் முத்துக்கும் சங்குக்கும் வரி உண்டு என்பதற்காகவாவது இந்த ஆட்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள்.

திரேஸ்புரம் பக்கம் பழைய தோணித் தண்டல் ஒருவர் எனக்குப் பழக்கம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். ஒருநாள் கேட்டேன்: "அண்ணாச்சி, ராத்திரியில ஒரு போட்டு வருதுன்னா அது சரியில்லாத போட்டுன்னு எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"இதுக்கு என்ன தம்பி, சத்தம் இருக்குல்லா. எஞ்சின் சத்தத்துல ஆள் யாருன்னே சொல்லிரலாம். கச்சான் காத்து அப்படி அடிக்கும்போது அந்தத் திக்குல எவனும் வலைக்குப் போவமாட்டான். போறான்னா மீனுக்குப் போகல."

"அத போலீசுல சொல்லுவியளா?"

"சொல்லலாம். 'ஒனக்கு எப்படிலே தெரியும்'னுல்லா மொதக் கேள்வி வரும்."

அந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது. தண்டல் சொன்னது வெறும் தகவல் இல்லை, அது பகுப்பாய்வு. காற்று, பருவம், திசை, தொழில், சத்தம் என்று ஐந்தாறு விஷயங்களைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வருகிறார். புனேயில் உள்ள ராணுவ உளவுப் பயிற்சிப் பள்ளியில் இப்படிச் சேர்த்து யோசிக்கத்தானே கற்றுத்தர வேண்டும்? ஆனால் அதிகாரியிடமிருந்து இது வந்தால் திறமை. தண்டலிடமிருந்து வந்தால் அவரே கடத்தலில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்று இந்தக் கரையில் கடத்தல் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. அதனாலேயே அறிவுக்கும் சந்தேகத்துக்கும் நடுவே கோடு கிழிக்கக் கற்பதுதான் இங்கே வேலைக்கு வரும் அதிகாரிக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும்.

2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துக்கொண்டு வந்தது. அமெரிக்கக் கம்பெனி, சியரா லியோன் கொடி, கடற்கொள்ளைக்கு எதிரான தனியார் காவலர்கள், துப்பாக்கிகள், ஆயிரக்கணக்கில் குண்டுகள். 35 பேர். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை கொடுத்தது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாரையும் விடுவித்தது. துப்பாக்கி கண்ணுக்குத் தெரிந்தது. அது என்ன வகைக் கப்பல், அதன் தொழில் என்ன என்று வாசித்து முடிக்க நான்கு வருடம். கண் போதாது, வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட உள்ளூர் உதாரணம் கிடைக்காது.

வாசிப்பு என்றதும் நம்மவர்கள் உற்சாகமாகிவிடுவோம், விமர்சகனே உளவுக்குச் சரியான ஆள் என்று. அந்தப் பரிசோதனையும் நடந்திருக்கிறது. சி.ஐ.ஏ.யின் எதிர் உளவுப் பிரிவை 1954 முதல் 1974 வரை ஆண்ட ஜேம்ஸ் ஆங்கிள்டன், யேல் மாணவராக இருந்தபோது 'ஃபியூரியோஸோ' என்ற கவிதைச் சிற்றிதழை நடத்தியவர். எஸ்ரா பவுண்டைப் பிரசுரித்தவர். நம்ம ஜாதிதான். வரிக்குள் வரி தேடிய அந்தப் பழக்கத்தோடு உளவுக்குப் போனார். 1964ல் தப்பிவந்த சோவியத் அதிகாரி நோசென்கோ சொன்ன எதையும் நம்பவில்லை. எல்லாம் இரட்டை அர்த்தம் என்றார். அந்த மனிதனை மூன்று வருடத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள், கடைசியில் அவர் உண்மையான ஆள்தான் என்று ஏஜென்சியே முடிவுக்கு வந்தது. ஆகவே நுட்பமான வாசகனை நாற்காலியில் உட்கார வைத்தால் போதும் என்பதும் இல்லை. வாசிக்கப்படுகிறவன் 'நீ வாசிச்சது தப்பு' என்று சொல்ல இடம் இருக்க வேண்டும்.

அந்த இடம் இல்லாவிட்டால் சரியான தகவலும் வீண். 2019 ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியா இலங்கைக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தது, சஹ்ரானின் பெயர் உட்பட, தேவாலயங்கள் இலக்கு என்பது உட்பட. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலும் இங்கிருந்து போன பரதவர் குடும்பங்களுக்கு அந்நிய இடங்கள் அல்ல. 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முன்னாள் ஜனாதிபதி சிறிசேனாவும் உளவு, பாதுகாப்புத் தலைவர்களும் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்சநீதிமன்றம் சொன்னது. அவர்களுக்குக் கண்ணும் இருந்தது, காதும் இருந்தது.

இது ராணுவம் அல்ல, மாநிலப் போலீஸ் விஷயம், ஆனால் தூத்துக்குடியைப் பற்றி எழுதுகிறவன் தாண்டிப்போக முடியாது. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்பின் நூறாவது நாள், துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் சொன்னார். தலைமைச் செயலர், டி.ஜி.பி., உளவுத்துறை ஐ.ஜி. மூவரும் நிமிடத்துக்கு நிமிடம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. தகவல் ஓட்டத்தில் குறை ஒன்றுமில்லை. தெருவில் நின்ற சனங்கள் தங்கள் வாயால் நூறு நாளாகச் சொன்னது மட்டும் உளவாகக் கணக்கில் ஏறவில்லை.

மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையில் எடுத்தார்களே, கடலோரக் காவல்படையில் சேரப் பயிற்சி கொடுக்கிறார்களே என்று பதில் வரும். நல்ல காரியம், மறுக்கவில்லை. நாலு பையன்கள் சம்பளம் வாங்கட்டும். ஆனால் அந்தப் பையனுக்கு உள்ளே சொல்லித்தருவது அணிவகுப்பு, சல்யூட், படிவம். அப்பாவிடம் கற்ற கடலை அவன் மறந்தால்தான் நல்ல ஊழியன். குஜராத்தில் ஓகாவில் கடலோரப் போலீசுக்கென்று தேசியப் பயிற்சிக்கழகம் 2018ல் வந்தது. பேராசிரியர் நாற்காலி ஒன்றில் எங்கள் தண்டலை ஒரு மாதம் உட்கார வைத்தால் என்ன? கேட்பவர்கள் அதிகாரிகள், சொல்பவர் அவர், கூலி பேராசிரியருக்கு உள்ளது. ஆளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லக்கூடாது, கடலைச் சொல்லித்தரச் சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆள்காட்டி என்ற பேர் வாங்கினவனுக்கு இங்கே படகிலும் இடமில்லை, பந்தியிலும் இடமில்லை.

இதை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். "கடலைப் பத்தி கேட்டா சொல்லிக்குடுக்கலாம் தம்பி. ரெண்டாம் நாளு பேரைக் கேப்பான். அப்ப நான் என்ன செய்ய?" என்றார். அந்த இரண்டாம் நாளுக்கு எந்தப் பரிந்துரையிலும் நான் பதில் பார்க்கவில்லை.